மூன்றாவது விளி

நான் ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டு, மைக்கைக் கையில் கொடுத்து, "ரெண்டு வார்த்தை பேசுங்க அண்ணே" என்றார்கள். முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் கிடந்தவனுக்கு ரெண்டு வார்த்தை வராதா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. கடைசியில் பழக்கம் காரணமாக வாய் தானே திறந்து, "தாசையன்! தாசையன்! தாசையன்!" என்று என் பெயரையே மூன்று தடவை கூப்பிட்டது. யாரும் வரவில்லை. "ஆள் இல்லை அய்யா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பெரிய கைதட்டல். ஆனாலும் ஆபீஸ் பிள்ளைகள் விடவில்லை. "பேசாண்டாம், எழுதித் தாருங்க" என்று ஊழியர் சங்க மலருக்காகப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது புதுக் கோர்ட்டில் பெயர் கூப்பிடுவதற்குச் சுவரில் ஒரு பெட்டி இருக்கிறது. சிவப்பு எழுத்தில் நம்பர் ஓடுகிறது, ஒரு பெண் குரல் பேசுகிறது. அதனால் மனுஷன் கூப்பிட்ட காலம் எப்படி இருந்தது என்று இவர்களுக்கு ஒரு ஆசை. நான் படித்தது அஞ்சாம் கிளாஸ். ஆனால் சம்மனிலும் பட்டியலிலும் வாசித்து வாசித்து எழுத்து கைக்கு வந்துவிட்டது. எழுதும்போது எதிரில் ஆள் இல்லை என்பது ஒரு நிம்மதி.

நான் சேர்ந்தது மசால்ஜியாக. என் அம்மா அதைக் கேட்டுவிட்டு, "கோர்ட்டிலே மசாலா அரைக்க ஆளு எடுக்காவளா?" என்று கேட்டாள். மசால்ஜி என்றால் அந்தக் காலத்தில் விளக்குப் பிடித்தவன். நான் போகும்போது கோர்ட்டில் கரண்ட் வந்து பல காலம் ஆகியிருந்தது. ஆகவே விளக்கைத் தவிர எல்லாவற்றையும் பிடித்தேன். ஸ்டூல், குடை, கேஸ் கட்டு, தண்ணீர்ச் செம்பு. நாலு வருஷம் அப்படிப் போனது. ஒருநாள் பெயர் கூப்பிடுகிறவருக்குக் காய்ச்சல். நீதிபதியான முன்சீப் அய்யா சுற்றிலும் பார்த்து, "யாராவது கூப்பிடுங்க" என்றார். பக்கத்தில் ஸ்டூலோடு நின்றது நான். கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன். கூரையிலிருந்து புறா எல்லாம் பறந்தது. அய்யாவின் பேனா கீழே விழுந்தது. மறுநாளிலிருந்து அதுவே என் வேலை.

இவ்வளவு கூச்சக்காரன் எப்படி அவ்வளவு சத்தம் போட்டான் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பேசுவதென்றால் எதிரில் ஆள் வேண்டும். கூப்பிடுவதென்றால் ஆள் அங்கே இருக்கக் கூடாது. எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

எங்கள் பக்கம் கூப்பிடுவதை விளிப்பது என்போம். ஒரு கேஸுக்கு மூன்று விளி. முதல் விளி மண்டபத்து வாசல்படியில் நின்று உள்நோக்கி. அது கணக்குக்காக, ஏனென்றால் உள்ளே இருக்கிறவன் ஏற்கெனவே எழுந்திருப்பான். இரண்டாவது விளி தெற்கு வராந்தாவின் கோடியில், தூணைப் பிடித்துக்கொண்டு. அது வக்கீலோடு நின்று குசுகுசுப்பவர்களுக்கு. மூன்றாவது விளி முன்படியில் இறங்கி, சாலைக்கு எதிரே இருக்கும் ஷாகுலின் சாயாக்கடையைப் பார்த்து. அதுதான் உண்மையான விளி. அதில் தகப்பன் பெயரையும் சேர்க்க வேண்டும். கடைசி எழுத்தை இழுக்க வேண்டும். ஒரு மூச்சு காத்திருந்து, பிறகு திரும்பி உள்ளே போய், "ஆள் இல்லை அய்யா" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு மூச்சில் எத்தனையோ பேர் வடையை வாயில் வைத்துக்கொண்டு சாலையைத் தாண்டி ஓடி வந்திருக்கிறார்கள்.

என் மேலதிகாரிகளில் லீலாபாய் மேடத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. முதலில் பெஞ்சு கிளார்க்காக இருந்தார், பிறகு சிரஸ்தார் ஆனார். கோர்ட்டு ஆபீஸுக்கே தலைமை. யாரையும் அவர் திட்டி நான் கேட்டதில்லை. நாம் எது சொன்னாலும் "அப்படியா?" என்பார். அதில் மூன்று வகை உண்டு. மேலே ஏறினால் நம்புகிறார். கீழே இறங்கினால் நம்பவில்லை. ஏறாமலும் இறங்காமலும் ஒரே மட்டத்தில் போனால் அவருக்கு நம்மை விடவும் அதிகம் தெரியும் என்று அர்த்தம். "அப்படியா" சொன்ன பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைப்பார். துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டால் பிழைத்தோம். மடக்கிக் கூட்டில் வைத்து மூடினால், 'டப்' என்று ஒரு சத்தம் வரும். மறுநாள் மெமோ வரும். எங்கள் ஆபீஸில் பனங்காய் விழுந்தால்கூட யாரும் திரும்ப மாட்டார்கள். அந்த 'டப்'புக்கு ஏழு பேர் எழுந்து நிற்பார்கள்.

இனி கொச்சப்பி கேஸ்.

கொச்சப்பிக்கும் அவருடைய தம்பிக்கும் ஒரு பிலா, அதாவது பலா மரம். வேர் அண்ணன் பக்கம், அதில் காய்க்கிற சக்கை தம்பி பக்கம். வாதி கொச்சப்பி. பதினெட்டு வருஷம் நடந்தது. காரணம் சட்டம் அல்ல, சாயா. கொச்சப்பி காலை பத்துக்கே வந்து ஷாகுல் கடையில் உட்கார்ந்துவிடுவார். முதல் விளி கேட்டால் சாயா சொல்வார். இரண்டாவது விளிக்கு ஊதிக் குடிப்பார். மூன்றாவது விளிக்கு கிளாஸைக் கீழே வைத்து, குடையை எடுத்து, எழுந்து வருவார். "மூணு விளி உண்டுன்னா மூணும் கேக்கணும். அது எனக்க உரிமையாக்கும்" என்பார். சில நாள் சாயா அதிகம் சூடாக இருந்துவிடும். கேஸ் தள்ளுபடி ஆகும். மனுப் போட்டுத் திரும்ப உயிர் கொடுப்பார். நாலு தடவை இப்படி. நாலாவது தடவை முன்சீப் அய்யா, "இனி ஒரு தடவை கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

ஐந்தாவது தடவை வந்தது. அன்றைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. முதல் விளி எப்படியோ வந்தது. இரண்டாவது விளி வாத்து மாதிரி வந்தது. முன்படியில் இறங்கி நின்று, ஷாகுல் கடையைப் பார்த்து, வாயை முழுக்கத் திறந்தேன். காற்றுதான் வந்தது. எதிரே கொச்சப்பி ஊதிக்கொண்டிருந்தார். ஒரு மூச்சு காத்திருந்தேன். திரும்பி உள்ளே போய் கையை விரித்தேன். கேஸ் தள்ளுபடி.

அன்று மத்தியானம் நெய்யூர் ஆஸ்பத்திரியில் ரெண்டு வாரம் பேசவே கூடாது என்றார்கள். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல ரெண்டு வாரம் வந்ததில்லை. ஆனால் வேலைக்குத் திரும்பியபோது கொச்சப்பி படியிலேயே காத்திருந்தார்.

"ஓய் விளிக்காரரே, எனக்க மூணாவது விளி எங்க ஓய்?"

எனக்கு வேர்த்தது. "விளிச்சேன்" என்று சொல்லவும் முடியவில்லை, "விளிக்கல்ல" என்று சொல்லவும் முடியவில்லை. உள்ளே போய்விட்டேன். அடுத்த மாதமே ஒரு காற்றில் அந்தப் பிலா இரண்டு பேருடைய சுவரிலும் சமமாக விழுந்தது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து தடியை விற்றார்கள், சக்கையைத் தின்றார்கள், ராசியாகிவிட்டார்கள். கொச்சப்பி என்னோடு மட்டும் ராசியாகவில்லை. "மரம் போனாப் போட்டு மக்கா. எனக்கு விளி கிடைக்கல்லியே" என்று கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கேஸ் முடிந்த பிறகும் தினமும் பத்து மணிக்கு வந்து அதே பெஞ்சில் உட்காருவார். நான் சாயா குடிக்கப் போனால் வேறு பெஞ்சு.

பிறகு புதுக் கட்டடம் வந்தது. கோர்ட்டு மூன்று மாடிக்குப் போனது, சுவர்ப்பெட்டி வந்தது, எனக்கு வேலை போனது. அதாவது சம்பளம் இருந்தது, வேலை இல்லை. லீலாபாய் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"தாசையா, ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு லிப்டு. உள்ள ஸ்டூல் போட்டு இருந்து பட்டனை அமத்தணும். இன்னொண்ணு பழைய கச்சேரி, நாம இருந்த கட்டடம். ஆளுக சுத்திப் பாக்கத் திறந்து விடப் போறாவளாம். வாறவங்களுக்கு நீ விளக்கிச் சொல்லணும். உனக்கு எது வேணும்?"

லிப்டை ஒரு நிமிஷம் யோசித்தேன். நாலுக்கு நாலு அடி. நான், ஆறு வக்கீல்கள். எல்லோரும் "என்ன தாசையா, என்ன விசேஷம்?" என்று கேட்பார்கள். கதவு வேறு மூடியிருக்கும். "பழைய கச்சேரி போதும் மேடம்" என்றேன். அங்கே யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியம்தான்.

அந்த தைரியம் வீண் போகவில்லை. யாரும் வரவில்லை. அதுவே பிரச்சினை ஆயிற்று. மூன்று மாதம் பார்ப்போம் என்பது மேலிடத்து உத்தரவு. அதற்குள் ஒரு குழுவாவது வந்து, வருகைப் பதிவேட்டில் நல்லபடியாக எழுத வேண்டும். இல்லையென்றால் மண்டபத்தில் பழைய கட்டுகளை அடுக்கிப் பூட்டிவிடுவார்கள், நான் லிப்டுக்குப் போக வேண்டும். மேடம் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார். கட்டியது மகாராஜா காலத்தில், கூரை முழுக்க அயனி மரத் தடி, சுண்ணாம்பில் முட்டை வெள்ளை, இப்படி. அதைக் காலி மண்டபத்தில் நின்று மனப்பாடமாக, ஏற்ற இறக்கத்தோடு, தினமும் சொன்னேன். காலி மண்டபத்துக்கு என்னைப் போல விளக்குகிறவன் கிடையாது. பதினோரு வாரம் கழித்து பதிவேட்டைத் திறந்தால் முதல் பக்கத்தில் ஒரே ஒரு கையெழுத்து இருந்தது. பேனா எழுதுகிறதா என்று நான் போட்டுப் பார்த்தது.

கடைசி வாரம், திங்கட்கிழமை. ஷாகுல் சாலையைத் தாண்டி ஓடிவந்தான்.

"அண்ணே, ஆளு வந்திருக்கு! ஒரு வேன் நிறைய! அரமனை இன்னைக்கு லீவுல்லா, வேற பாக்க என்ன இருக்குன்னு கேட்டாவ. நான்தான் இஞ்ச பழைய கச்சேரி இருக்கு, பாருங்கன்னு சொல்லி வுட்டேன். பத்துப் பதினஞ்சு சாயா ஓடிச்சு."

பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வெளியூர்க்காரர்களுக்கு அது கதவு வரைக்கும் வந்த பிறகுதான் தெரியும். வேனிலிருந்து இருபது பேர் இறங்கினார்கள். எல்லோருக்கும் அறுபதுக்கு மேல், எல்லோர் தலையிலும் மஞ்சள் தொப்பி. முன்னால் வந்தவர் கணேசன் சார். கும்பகோணம் பக்கத்தில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் அவரோடு ஊர் ஊராகப் போய்ப் பாட்டுக் கேட்கிறவர்கள். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது இருபது மஞ்சள் தொப்பியும் என்னையே பார்க்கிறது என்பது மட்டும்தான். நாலு பக்கமும் மறந்துவிட்டது. அயனி, முட்டை, மகாராஜா ஒன்றும் இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கச்சேரி என்றால் கோர்ட்டு. வயதானவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். வாசலுக்கு மேலே 'முன்சீபு கச்சேரி' என்று மரப்பலகை உண்டு. அதில் முன்சீபைக் கரையான் தின்றுவிட்டது. கச்சேரி மட்டும் மிச்சம். ஷாகுல் சொன்னது ஒரு கச்சேரி. அவர்கள் காதில் விழுந்தது வேறு கச்சேரி.

கணேசன் சார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கூரையைப் பார்த்துக் கையைத் தட்டினார். சத்தம் போய்த் திரும்பி வந்தது.

"ஆஹா! என்ன கட்டுமானம்! இங்கே கச்சேரி எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்?"

"பத்தரைக்கு" என்றேன்.

"காலையிலேயா!"

"காலையிலே. ஒண்ணரைக்குச் சாப்பாடு. மறுபடி ரெண்டேகாலுக்கு."

இருபது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்வது எனக்கு ஓரளவு வரும். அதனால் கேள்வி வருவது நல்லது என்று நினைத்தேன்.

"மேடையிலே யார் உட்காருவாங்க?"

"அய்யா இருப்பாரு."

"பக்கவாத்தியம்?"

எனக்கு 'வாதி' என்றுதான் காதில் விழுந்தது. "வாதி இந்தப் பக்கம். பிரதிவாதி அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினேன்.

"பார்த்தீங்களா, ரெண்டு பக்கமும் வாத்தியம்" என்று மற்றவர்களுக்கு விளக்கினார். பிறகு சாட்சிக் கூண்டைத் தடவினார். "இது என்ன, இவ்வளவு வழவழன்னு?"

"ஏறினவங்க கை பட்டுப் பட்டு அப்படி ஆயாச்சு. பாதிப் பேருக்கு இதிலே ஏறினா சத்தமே வராது."

"மேடைக் கூச்சம்!" என்றார் விசாலம் அம்மாள். மஞ்சள் தொப்பிக்கு மேலே பூ வைத்திருந்த அம்மாள். "எனக்கும் அப்படித்தான் சார்."

"சில பேரு ஏறினா நிறுத்த மாட்டாவ. மூணு நாள் தொடர்ந்து போகும். குறுக்கே கேட்டா மாத்துவாவ. நேத்து ஒரு மாதிரி, இன்னைக்கு வேற மாதிரி."

"மனோதர்மம்!" என்று கணேசன் சார் கத்தினார். "அதுதான்யா மனோதர்மம்! ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்கக் கூடாது!"

பொய் சாட்சிக்கு இப்படி ஒரு நல்ல பெயர் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. சுவரில் தலைப்பாகை கட்டிய பழைய முன்சீப்புகளின் படம் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் கும்பிட்டுக்கொண்டே போனார்கள்.

"இவர் எப்படி?"

"நல்லவரு. ரொம்ப இழுக்க மாட்டாரு."

"இவர்?"

"இவரு இழுத்தா தீராது."

"இங்கே நடந்ததிலேயே நீளமான கச்சேரி எது?"

"ஒண்ணு பதினெட்டு வருசம் நடந்துச்சு."

கணேசன் சார் தொப்பியைக் கழற்றினார். "பதினெட்டு வருஷமா? கேட்க வந்தவங்க?"

"சில பேரு இடையிலே செத்துப் போனாவ. பொறவு அவங்க பிள்ளைக வந்து இருந்தாவ."

"இதையெல்லாம் நம்ம பக்கம் எதிர்பார்க்க முடியுமா?" என்று கணேசன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விசாலம் அம்மாள் கூண்டில் ஏறினார். "சார், ஒரே ஒரு கீர்த்தனை. இப்படி ஒரு இடத்திலே பாடினேன்னு எங்க தெருவிலே சொல்லிக்கணும்" என்றார். தொண்டையைச் செருமிச் சுருதி பிடித்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் மேசையில் பதிவேடு இருந்தது, திறந்து, பேனாவோடு. இருபது பேர். இப்போது போய் "அம்மா, இது கோர்ட்டு" என்றால் அவர்கள் என்ன எழுதுவார்கள்? 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று எழுதுவார்கள். எனக்கு லிப்டின் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டேன். அவர் பாடினார். ஏழு நிமிஷம். புறா எல்லாம் பறந்தது. என் காலத்துக்குப் பிறகு அவற்றுக்கு அன்றுதான் வேலை.

பாடி முடித்து இறங்கிய கையோடு அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷம் இந்தக் கச்சேரியிலே இருந்திருக்கீங்க. நீங்க என்ன பண்ணினீங்க?"

"நான் விளிப்பேன்."

"அப்படின்னா?"

"பேரு சொல்லிக் கூப்பிடுவேன்."

"செஞ்சு காட்டுங்க!" என்றார் கணேசன் சார். இருபது பேரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சிலர் தொடையில் கையை வைத்துத் தாளத்துக்குத் தயாராக இருந்தார்கள்.

பேசுவதல்ல, விளிப்பதுதானே என்று எனக்கு ஒரு ஆறுதல் வந்தது. ஆனால் விளிக்க ஒரு பெயர் வேண்டும். நான் யோசிக்கவில்லை. நாக்கில் எப்போதும் கிடந்த பெயர் அதுதான்.

வாசல்படியில் நின்றேன். "கொச்சப்பி!"

தெற்கு வராந்தாவுக்குப் போனேன். இருபது மஞ்சள் தொப்பியும் பின்னாலேயே வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டேன். "கொச்சப்பி!"

முன்படியில் இறங்கினேன். ஷாகுல் கடையைப் பார்த்தேன். நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தேன். "பொன்னையன் மகன் கொச்சப்பீ!"

ஒரு மூச்சு காத்திருந்தேன். யாரோ பின்னால் "சபாஷ்" என்றார். எதிரே பெஞ்சில் ஒரு கிளாஸ் கீழே வைக்கப்பட்டது. ஒரு குடை எழுந்தது. வேஷ்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து, கொச்சப்பி சாலையைத் தாண்டி வந்தார். படி ஏறினார். யாரையும் பார்க்கவில்லை. நேராக மண்டபத்துக்குள் போய், வாதி நிற்கிற இடத்தில், குடையைக் காலோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வந்தாச்சு" என்றார் காலி மேடையைப் பார்த்து.

கணேசன் சார் என் காதில் கேட்டார். "இவர் என்ன வாத்தியம்?"

"வாத்தியமா?" என்று கொச்சப்பி திரும்பினார். "ஓய், நான் வாதியாக்கும். கேஸு எனக்க கேஸு. பதினெட்டு வருசம். ஒரு பிலா."

"என்ன கேஸ்?"

"கோர்ட்டிலே பின்ன என்ன இருக்கும், சாம்பாரா?"

மஞ்சள் தொப்பிகள் எல்லாம் மெதுவாக என் பக்கம் திரும்பின. கணேசன் சார் சுவரைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார், தான் கும்பிட்ட படங்களைப் பார்த்தார். "இது கோர்ட்டா?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

எனக்கு வேர்த்தது. நின்ற இடத்தில் பேச்சு வராது என்று தெரிந்தது. அந்த மண்டபத்தில் எவ்வளவு கூச்சக்காரனையும் பேச வைக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு. கூண்டில் ஏறினேன். "கடவுள் அறிய நான் சொல்வதெல்லாம் உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை" என்றேன். ஆயிரம் தடவை கேட்ட வாசகம், தானாக வந்தது. அதைச் சொன்ன பிறகு மற்றதும் வந்தது.

"இது கோர்ட்டு. எங்க ஊரிலே கச்சேரின்னா கோர்ட்டு. நீங்க வேற கச்சேரின்னு நினைச்சது எனக்கு அந்த அம்மா பாடத் தொடங்கினப்போ தெரிஞ்சுது. நான் சொல்லல்ல. புஸ்தகத்திலே நல்லதா எழுதல்லேன்னா என்னை லிப்டிலே போட்டிருவாவ." அதோடு இறங்கியிருக்கலாம். ஆனால் எதிரே வாதி நின்றார். "இன்னும் ஒண்ணு உண்டு. அன்னைக்கு மூணாவது விளி எனக்க வாயிலேருந்து வரல்ல. காத்துதான் வந்துச்சு. கொச்சப்பி அண்ணன் சொன்னது நேரு, சத்தியம்."

கொச்சப்பி குடையை ஒரு தட்டுத் தட்டினார். "அதைத்தானே ஓய் நானும் பத்து வருசமா சொல்லுகேன்!"

விசாலம் அம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "அப்ப நான் கோர்ட்டிலேயா பாடினேன்? ஏதாவது குத்தமாயிடுமா?"

"ஒரு குத்தமும் இல்ல அம்மா" என்றார் கொச்சப்பி. "நானும் பதினெட்டு வருசம் வந்திருக்கேன். அந்தக் கூண்டிலே ஏறி ஒருத்தனும் சந்தோசமா ஒண்ணு சொல்லி நான் கேட்டதில்ல."

முதலில் சிரித்தது கணேசன் சார்தான். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பொய் சாட்சியை மனோதர்மம்னு சொல்லிட்டேனே!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். பிறகு இருபது பேரையும் நிறுத்த முடியவில்லை. போகும் முன் அவர் மேசையில் உட்கார்ந்து வெகுநேரம் எழுதினார். பிறகு கொச்சப்பி பேனாவை வாங்கினார்.

மறுநாள் காலையில் லீலாபாய் மேடம் வந்தார். பதிவேட்டை நின்றபடியே வாசித்தார். அதில் எழுதியிருந்தது இது:

'பழைய கச்சேரி பார்க்க வந்தோம், கச்சேரியே கேட்டோம். விசாலம் அம்மாள் பாட்டு சுமார். தாசையன் அவர்கள் பாடியது மூன்றே வரி. மூன்றாவது வரிக்குச் சாலைக்கு அப்பாலிருந்து ஆள் எழுந்து வந்தது. எங்கள் பக்கத்து வித்வான்கள் யாருக்கும் இது நடந்ததில்லை. இந்த மண்டபத்தைப் பூட்ட வேண்டாம்.'

அதற்குக் கீழே, பெரிய எழுத்தில்: 'வாதி ஆஜர். பொ. கொச்சப்பி.'

"தாசையா, கச்சேரிக்குள்ள பாட்டா?" என்றார் மேடம்.

நடந்ததைச் சொன்னேன். அந்த மூன்றாவது விளிக்குக் காற்று மட்டும் வந்ததையும் சொன்னேன். "அப்படியா" என்றார். ஏறவில்லை, இறங்கவில்லை, ஒரே மட்டம். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கண்ணாடிக் கூடு மட்டும்தான் தெரிந்தது.

"அன்னைக்கு பெஞ்சு கிளார்க்கா இருந்தது நானாக்கும்" என்றார். "மூணு தடவை விளிச்சாச்சுன்னு எழுதினதும் நான். எனக்கும் மூணாவது கேக்கல்ல தாசையா. நீ கைய விரிச்சே, நான் எழுதிட்டேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பதிவேட்டின் ஓரத்தில் 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மண்டபத்தைப் பூட்டவில்லை. லிப்டுக்கு ஆளே போடவில்லை. 'கதவு மூடுகிறது' என்று அதுவே சொல்லிக்கொள்ளும்படி ஒன்றை வாங்கிப் பொருத்தினார்கள். கரையான் தின்ற பலகையை மாற்றலாம் என்று ஒரு யோசனை வந்தது. அது அப்படியே இருக்கட்டும் என்று மேடம் எழுதிவிட்டார்.

மேடம் கையெழுத்துப் போட்ட அன்று பத்து மணிக்குச் சாயா குடிக்கப் போனேன். கொச்சப்பி தன் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தேன். ஷாகுல் இரண்டு கிளாஸை ஒன்றாக வைத்தான். கொச்சப்பி ஊதினார், குடித்தார், மறுபடி ஊதினார்.

"ஓய் விளிக்காரரே, அடுத்த வாய்தா என்னைக்கு?"

எனக்கு வேர்க்கவில்லை.

"திங்கக்கிழமை" என்றேன். "அரமனைக்கு லீவாக்கும்."